விண்வெளியில் கைவிடப்பட்டோர்: மலிவுப் படங்களின் அச்சமும் அறமும்

அச்சத்தை விலைக்கு விற்கும் படங்கள் என்று நாம் ஒதுக்கி வைக்கும் ஒரு வகைத் திரைப்படம் உண்டு. விண்கலம் ஒன்று பழுதுற்று, பெயர் தெரியாத கோளில் இறங்கிவிடும். திரும்ப வழியில்லை. வெளியே இருளும் மூடுபனியும்; உள்ளே ஆறேழு மனிதர்கள். இருளிலிருந்து ஏதோ ஒன்று வரும், ஒவ்வொருவராக மடிவர். பாறைகள் அட்டையாலும் சாந்தாலும் செய்தவை என்பதும், புகை பெட்டியிலிருந்து வருகிறது என்பதும் சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆயினும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உலகெங்கும் இப்படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. முன்பு கொட்டகைகளில் ஓடியவை, இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துவிட்டன. ஆகவே இவற்றைக் குறித்துச் சற்று நிதானமாகச் சிந்திப்பது தகும்.

பேய், இரத்தம், அலறல் ஆகியவை வரும் படங்கள் யாவும் கிறிஸ்தவ இல்லத்திற்கு ஆகாதவை என்று சிலர் கருதுவர். அக்கருத்தில் அக்கறை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. திரைப்படக் கலையின் நூற்றாண்டை ஒட்டி 1995-ஆம் ஆண்டு வத்திக்கான் சிறந்த படங்களென 45 படங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் விண்பயணத்தின் தனிமையைச் சித்திரித்த ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' இடம்பெற்றது. 1922-இல் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த இரத்தம் உறிஞ்சும் பேயின் கதையான 'நோஸ்ஃபெராட்டு'வும் இடம்பெற்றது. அச்சம் தன்னளவில் பாவமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. எதைக் கண்டு அஞ்சச் சொல்கிறார்கள், அஞ்சியபின் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்பவையே நாம் கேட்க வேண்டியவை.

இக்கேள்வியைக் கேட்க நம் கோவை மண்ணுக்குத் தனி உரிமை உண்டு. 1905-இல் துய்ப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர் கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். இயேசுவின் வாழ்க்கையைச் சித்திரித்த மௌனப் படம் அவர் காட்டியவற்றுள் ஒன்று. 1914-இல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயரை இன்றும் ஒரு சாலை தாங்கி நிற்கிறது. பின்னர் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது; பட்சிராஜா எழுந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த 'ராஜகுமாரி' (1947) இம்மண்ணில் உருவான படமே. கொங்கின் மறுகோடியில் சேலத்தில், டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தைத் தயாரித்தது. ஊழிக்கு முன் மறைந்துபோன ரோம யானைகள் காட்டில் உயிரோடு திரிவதாகக் கதை. நம் நாட்டு யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி அவற்றைக் காட்டினார்கள்! சிக்கனமாக அற்புதத்தை உண்டாக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று.

பாட்டுக்காகக் கடத்தப்பட்ட பெண்

தமிழில் வேற்றுக்கோள் மனிதரை முதன்முதலாகத் திரையில் உலவவிட்ட படம் 'கலை அரசி'. 1963 ஏப்ரலில் வெளிவந்தது. இயக்கியவர் ஏ. காசிலிங்கம், கோவையில் ஜூபிடர் நிறுவனத்தார் எடுத்த 'அபிமன்யு'வின் (1948) இயக்குநர்களுள் ஒருவரும் அவரே. கதை எளியது. அறிவியலில் நம்மை விஞ்சிய ஒரு கோளில் எல்லாம் உண்டு. இசை மட்டும் இல்லை. அதைக் கற்றுத்தர ஒருவரைக் கொண்டுவர அங்கிருந்து ஒருவன் பூமிக்கு வருகிறான். எம். என். நம்பியார் ஏற்ற வேடம் அது. அவன் பாடகி வாணியைக் கவர்ந்து செல்கிறான். வாணியாக நடித்தவர் பி. பானுமதி. அவளை நேசிக்கும் உழவன் மோகன், அதாவது எம்.ஜி.ஆர்., விண்கலத்தில் ஏறி அவளைத் தேடிப் போகிறான். அங்கே தன்னைப் போலவே தோற்றமுடைய ஒரு விகடனைக் காண்கிறான்.

இன்று பார்ப்பவர்க்கு அப்படத்தின் விண்கலமும் வேற்றுக்கோள் உடையும் நகைப்பை வரவழைக்கலாம். நாம் அதற்காக அதைக் குறை கூற மாட்டோம். நம் குறை வேறு. பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, மொழியும் உறவும் இல்லாத இடத்தில், பாடு என்று ஆணையிடப்பட்ட ஒரு பெண்ணின் உள்ளம் எப்படியிருக்கும்? பாபிலோனின் ஆற்றங்கரையில் சிறைப்பட்ட இஸ்ரயேலரிடம் பாட்டுக் கேட்ட பகைவரை நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் துயரின் வாசலில் வந்து நின்ற படம், உள்ளே நுழையாமல் வாட்போருக்கும் இரட்டை வேடத்துக்கும் திரும்பிவிடுகிறது. ஆயினும் ஒன்றை அது சரியாகச் செய்தது. கைவிடப்பட்டவள் ஒருத்தியே ஆனாலும் அவளைத் தேடி ஒருவன் போகிறான். தேடிப் போகிறவன் விஞ்ஞானி அல்லன், படைத்தலைவன் அல்லன், உழவன். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் என்ன என்று அக்கதை கேட்கவில்லை. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிய ஆயனை அறிந்த நமக்கு அதன் பொருள் விளங்கும்.

அதே 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் விண் ஆய்வு ராக்கெட் மேலெழுந்தது. அதற்கு இடம் தந்தது புனித மகதலேனா மரியா ஆலயம். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவின் சொல்லை ஏற்று, மீனவ இறைமக்கள் தங்கள் கோவிலையும் குடியிருப்புகளையும் விட்டு வேறிடம் பெயர்ந்தார்கள். விண்வெளிக்குச் செல்லும் ஒவ்வொரு பயணத்திற்கும் பின்னால் தரையில் இடம்பெயர்ந்த ஏழைகள் சிலர் இருக்கிறார்கள் என்பதை அவ்வாலயத்தின் சுவர்கள் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஒரே படச்சுருள், இரண்டு ஒழுக்கங்கள்

'கலை அரசி' வெளிவந்த அதே ஆண்டில், சோவியத் நாட்டின் ஒதெஸா படக்கூடத்தில் 'மெச்தே நவ்ஸ்த்ரேச்சு' என்றொரு படம் உருவாயிற்று. கனவை எதிர்கொண்டு செல்லுதல் என்பது தலைப்பின் பொருள். வியப்புக்குரிய ஒற்றுமை ஒன்று உண்டு. அங்கும் பூமியில் எழுந்த பாட்டு ஒன்று தொலைதூரக் கோளுக்கு எட்டுகிறது. அக்கோளின் மக்கள் பாட்டின் பிறப்பிடத்தைத் தேடிப் புறப்படுகிறார்கள். வழியில் அவர்தம் கலம் செவ்வாயில் விழுந்து நொறுங்குகிறது. பூமியின் வீரர்கள் தம் உயிரைப் பணயம் வைத்து அவர்களைக் காக்கச் செல்கிறார்கள்.

இப்படத்தின் விண்வெளிக் காட்சிகளை அமெரிக்கர் சிலர் மலிவாக வாங்கினர். அவற்றோடு சில நாள்களில் எடுத்த புதுக் காட்சிகளை ஒட்டி, 1966-இல் 'குவீன் ஆஃப் பிளட்' என்ற பெயரில் வெளியிட்டனர். இயக்கியவர் கர்ட்டிஸ் ஹாரிங்டன். இங்கும் வேற்றுக்கோள் கலம் விழுகிறது. இங்கும் மீட்கப் போகிறார்கள். சிறு கலத்தில் இடம் போதாமையால் வீரர் ஒருவர் பின்தங்கி, அந்நியப் பெண்ணுக்கு இடம் தருகிறார். ஆனால் மீட்கப்பட்டவள் இரவில் மீட்டவர்களின் இரத்தத்தையே குடிக்கிறாள்.

படச்சுருள் ஒன்றே, அதே கலம், அதே மணல், அதே செந்நிற வானம். ஒன்று, ஆபத்திலிருப்பவனைக் காக்கப் போ என்கிறது. மற்றது, காப்பாற்றாதே, அவன் உன்னைத் தின்றுவிடுவான் என்கிறது. காட்சியில் அறம் இல்லை, காட்சிகளைக் கோத்த கையில்தான் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாம் அறியோம். திரைப்படம் பார்க்கும் கிறிஸ்தவன் கண்ணுக்குத் தெரிவதோடு நில்லாமல், கோத்த கையையும் பார்க்கப் பழக வேண்டும்.

வறுமை தந்த நேர்மை

பணம் இல்லாமை எப்போதும் கலைக்குக் கேடு செய்வதில்லை. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவா 1965-இல் எடுத்த 'பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்' இதற்குச் சான்று. அன்னியக் கோள் ஒன்றைக் காட்ட அவருக்குக் கிடைத்தவை பழைய புராணப் படம் ஒன்றில் எஞ்சிய ஓரிரு போலிப் பாறைகளே என்பர். அவற்றைக் கண்ணாடிகளால் பலவாக்கி, வண்ண விளக்கையும் புகையையும் சேர்த்து, எல்லையற்ற ஒரு பாழ்நிலத்தை உண்டாக்கினார். இரண்டு கலங்கள் அங்கே இறங்குகின்றன. இறந்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். கோளின் உருவமற்ற உயிர்கள் அவர்தம் உடலுக்குள் குடிபுகுந்துவிட்டன.

ஆனால் பாவா இங்கே நின்றுவிடவில்லை. அவ்வுயிர்கள் ஏன் அப்படிச் செய்கின்றன? அவற்றின் கதிரவன் அணைந்துகொண்டிருக்கிறது. தப்பிச் செல்லக் கலம் இல்லை. ஆகவே வருகிறவர்களின் உடலைப் பறிக்கின்றன. அவையும் கைவிடப்பட்டவையே! நாம் பேய் என்று அஞ்சுவது நம்மினும் ஆழமாகத் தவித்து நிற்கும் ஓர் உயிராக இருக்கலாம் என்ற எண்ணத்தை, அட்டைப் பாறைகளுக்கு நடுவே அப்படம் விதைத்துவிடுகிறது. அவற்றின் செயல் கொடியது என்பதில் ஐயமில்லை. கொடுமையைக் கொடுமை என்று சொல்லிக்கொண்டே கொடியவரின் துயரையும் காண்பதே இறையியல் நமக்குக் கற்பித்த கடினமான பாடம்.

1958-இல் எட்வர்ட் கான் இயக்கிய 'இட்! தி டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்' மேலும் எளிய படம். ரப்பர் உடை மாட்டிய ஒருவரே அதன் பயங்கர விலங்கு. செவ்வாய்க்குச் சென்ற குழுவில் ஒருவர் மட்டும் எஞ்சியிருக்கிறார். அவரை மீட்க வந்தவர்கள் அவரையே கொலைகாரராகக் கருதி, விசாரணைக்குக் கொண்டுசெல்கிறார்கள். உண்மையான கொலையாளியோ அதே கலத்தின் அடித்தளத்தில் ஒளிந்திருக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலில் மால்ட்டா தீவில் கரையேறிய பவுலை நாம் நினைக்கலாம். தீவினர் அவருக்கு நெருப்பு மூட்டிக் குளிர் போக்கினார்கள். பாம்பு கடித்ததும் கொலைகாரன் என்றார்கள். அவர் சாகாதது கண்டு தெய்வம் என்றார்கள். தப்பி வந்தவனை மனிதனாகவே பார்ப்பது எத்துணை அரிதாயிருக்கிறது!

ஜான் கார்ப்பென்டர் மாணவப் பருவத்தில் தொடங்கி 1974-இல் வெளியிட்ட 'டார்க் ஸ்டார்' ஏறத்தாழ 60,000 டாலரில் முடிந்த படம். அதில் வரும் வேற்றுயிர், கடற்கரையில் சிறுவர் ஆடும் காற்றுப் பந்துக்கு வண்ணம் பூசிக் கால் ஒட்டியது. நகைச்சுவைப் படமாயினும் அதன் மையம் நடுங்க வைப்பது. ஆண்டுக்கணக்கில் விண்ணில் அலையும் நால்வருக்குத் தம் பணியின் பொருளே மறந்துபோயிற்று. முடிவில், சிந்திக்கக் கற்ற வெடிகுண்டு ஒன்று தன்னைத் தவிர வேறொன்றும் மெய்யில்லை என முடிவுகட்டி, தன்னையே கடவுளாக எண்ணி வெடிக்கிறது. ஆணவம் என்பதற்கு நாம் மறையுரைகளில் தரும் விளக்கங்களைவிட இது கூர்மையானது என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

அப்படத்தில் பங்காற்றிய டான் ஓ'பானன் எழுதிய கதையே ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979). அது மலிவுப் படம் அன்று. ஆயினும் மலிவுப் படங்களின் வயிற்றில் பிறந்த பிள்ளை. அதன் எழுவரும் வீரர்கள் அல்லர். சரக்குக் கலத்தில் கூலிக்கு உழைப்போர். படத்தின் தொடக்கத்திலேயே இருவர் தம் ஊக்கத்தொகைக்காக வாதாடுகிறார்கள். பின்னரே உண்மை வெளிப்படுகிறது: வேற்றுயிரைக் கொண்டுவருவதே முதல் நோக்கம், பணியாளர் அழிந்தாலும் பொருட்டில்லை என்று அவர்களை அனுப்பிய நிறுவனம் முன்பே ஆணையிட்டிருக்கிறது. ஆகவே படத்தின் உண்மையான அரக்கன் அந்தப் பல்வரிசை விலங்கு அன்று. எங்கோ ஒரு மேசையில் இடப்பட்ட கையெழுத்து. ஆலைச் சங்கொலியில் கண்விழித்து வளர்ந்த கோவை வாசகருக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இக்காலத் தமிழ்ப் படங்கள்

2018-இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'டிக் டிக் டிக்' இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற விளம்பரத்தோடு வந்தது. குறைந்த செலவில் தமிழ்த் திரையுலகு இதைச் செய்தது பாராட்டுக்குரியது. ஆனால் அதன் நாயகன் விண்ணில் ஒரு நொடியேனும் தனித்திருப்பதில்லை. தந்திரமும் வேகமும் பின்னணி இசையும் அவனைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. விண்வெளியின் பெரும் அச்சம் மௌனம். அந்த மௌனத்திற்கு நம் படங்கள் இன்னும் இடம் கொடுக்கவில்லை. 2024 பொங்கலுக்கு வந்த ரவிக்குமாரின் 'அயலான்' பூமியில் தனித்துவிடப்பட்ட வேற்றுக்கோளனை நண்பனாக ஏற்றது. அது திகில் படம் அன்று. எனினும் விருந்தோம்பலை நகைச்சுவையோடு சொன்னமைக்காக அதனைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாம்.

தனிமையை ஏறிட்டுப் பார்த்த இந்தியப் படம் வேண்டுமெனில், ஆரதி கடவ் சிறு செலவில் எடுத்து 2020-இல் பரவலாக வெளிவந்த 'கார்கோ' என்ற இந்திப் படத்தைச் சுட்டலாம். புஷ்பக் என்னும் கலத்தில் தனித்திருக்கும் ஒருவர், இறந்தோரை வரவேற்று, அவர்தம் உடற்காயங்களைக் குணமாக்கி, நினைவைத் துடைத்து, மறுபிறப்புக்கு அனுப்புகிறார். மறுபிறப்பு நம் நம்பிக்கை அன்று. நினைவு துடைக்கப்பட்ட மனிதன் அதே மனிதன்தானா என்ற கேள்வியை நாம் எழுப்பியே தீர வேண்டும். பெயர் சொல்லி அழைக்கும் கடவுளை நம்புவோர் நினைவின் அழிவை விடுதலை என்று கொள்ள இயலாது. ஆயினும் இறந்தோர் ஒவ்வொருவரையும் அமரவைத்துப் பேசி வழியனுப்பும் அப்படத்தின் கனிவு, நம் துக்க வீடுகளிலேயே சில நேரம் காணக் கிடைக்காதது.

நம் மண்ணில் கைவிடப்பட்டோர்

இவையெல்லாம் கற்பனை என்று தள்ள இயலுமா? சோவியத் நாட்டிலிருந்து 1991 மே மாதம் மீர் விண்நிலையத்திற்குச் சென்ற செர்கெய் கிரிக்கல்யோவ் 311 நாள்கள் கழித்துத் திரும்பியபோது, அவரை அனுப்பிய நாடே உலக வரைபடத்தில் இல்லை. எட்டு நாள் பயணமாக 2024 ஜூன் 5 அன்று சென்ற சுனிதா வில்லியம்சும் புட்ச் வில்மோரும் 286 நாள்களுக்குப் பின், 2025 மார்ச்சில்தான் தரையிறங்கினார்கள். அவர்களுக்காக உலகமே வேண்டிக்கொண்டது. அது நல்லதே.

ஆனால் 2020 மார்ச் இறுதியில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது, திருப்பூரிலும் கோவையிலும் ஆலைகளையும் பனியன் பட்டறைகளையும் நம்பி வந்திருந்த வடமாநிலத் தொழிலாளர்களும் திரும்ப வழியின்றித் தவித்தார்கள். அவர்களுக்கும் காற்று எண்ணி வைக்கப்பட்டிருந்தது. உணவு எண்ணி வைக்கப்பட்டிருந்தது. சோறு கொடுத்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். பின்னர் 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், வடவர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவின. எங்கோ எப்போதோ எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டி, அச்சத்தை உண்டாக்கினார்கள். அஞ்சிய தொழிலாளர் சிலர் மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையம் நோக்கி ஓடினார்கள். 1966-இல் சோவியத் படச்சுருளை வெட்டி ஒட்டியவர் செய்ததும் இதுவே. அங்கே அது பொழுதுபோக்கு, இங்கே அது மனிதரின் பிழைப்பு.

வந்தவன் நம்மைத் தின்பான் என்று உள்ளூரானுக்கும், இருக்கிறவன் நம்மைக் கொல்வான் என்று வந்தவனுக்கும் கற்றுக்கொடுக்கும் கதைகள் திரையில் மட்டும் ஓடுவதில்லை. தேநீர்க் கடையிலும், பேருந்திலும், சில நேரம் ஆலய வாசலிலும் ஓடுகின்றன. ஆகவேதான் இம்மலிவுப் படங்களை நாம் பொருட்படுத்துகிறோம். அந்நியரைக் குறித்து நம் உள்ளம் எந்தக் கதையைச் சொல்லிக்கொள்கிறது என்பதை அவை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகின்றன. வேற்றுக்கோளில் உயிர் இருப்பின் அதனையும் சகோதரனாகக் கருதலாம் என்று 2008-இல் வத்திக்கான் வானாய்வுக் கூடத்தின் அந்நாள் இயக்குநர் அருள்தந்தை ஹோசே கபிரியேல் ஃபூனெஸ் கூறினார். கண்ணுக்கெட்டாத கோளின் உயிரைச் சகோதரன் என்பது எளிது. அடுத்த தெருவில் அறைக்குப் பத்துப்பேராக உறங்கும் ஒடியா இளைஞனை அப்படிச் சொல்வதே கடினம்.

எனவே இத்தகைய படம் ஒன்றைப் பிள்ளைகள் பார்க்க விரும்பினால், வயதுக்கு ஒவ்வாத கொடூரம் இல்லை என்று அறிந்தபின், பெற்றோர் உடனிருந்து பார்ப்பது நலம். படம் முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இக்கதையில் யாரை விட்டுச் செல்லலாம் என்று முடிவு செய்தார்கள்? முடிவு செய்தவர் யார்? விட்டுச் செல்லப்பட்டவரைத் தேடி யாரேனும் திரும்பிப் போனார்களா? அட்டைப் பாறையையும் ரப்பர் விலங்கையும் பார்த்துச் சிரித்த பிள்ளை, மூன்றாம் கேள்விக்கு விடை தேடும்போது சற்று மௌனமாகும். அம்மௌனத்தைக் கலைக்காமல் சிறிது நேரம் காத்திருப்போம். பிறகு, நம் பங்கின் எல்லைக்குள் அப்படி யார் இருக்கிறார் என்று பிள்ளையே கேட்கக்கூடும். விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.